கேஏ எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள்

மேனாம்பேடு, கருக்கு, பட்டரைவாக்கம், அம்பத்தூர் தொழிற்பேட்டை வட்டாரத்தில் சில்லர் வாங்குகிறவர்களுக்கும், அதை வரைபடத்தில் குறிக்கிறவர்களுக்கும், பொருத்துகிறவர்களுக்கும், நாள்தோறும் ஓட்டுகிறவர்களுக்கும்:

பெரிய குளிரூட்டும் இயந்திரம் ஒவ்வொன்றின் மின் பேனலுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. குறுக்குச்சுற்று நேரும் கணத்தில் எத்தனை ஆயிரம் ஆம்பியர் வரை பாய்ந்தாலும் அந்தப் பேனல் வெடிக்காமல், கதவு பிய்த்துக்கொண்டு பறக்காமல், தீப்பிடிக்காமல் தாக்குப்பிடிக்கும் என்பதே அந்த வரம்பு. இதற்குக் குறுக்குச்சுற்று தாங்குதிறன் என்று பெயர். கிலோ ஆம்பியரில் சொல்வார்கள்; பேனல் கடைகளிலும் வேலைத்தளங்களிலும் 'கேஏ' என்றால் போதும். சில்லரின் முனையில் பாயக்கூடிய குறுக்குச்சுற்று மின்னோட்டம் எப்போதும் இந்த எண்ணுக்குள் அடங்கியிருக்க வேண்டும். உங்கள் கொள்முதல் ஆணைகளில் எத்தனை டன், எத்தனை கிலோவாட், எந்தக் குளிர்வாயு, எத்தனை மாத உத்தரவாதம் என்பதெல்லாம் வரி வரியாக இருக்கும். கேஏ மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அந்த எண்ணைக் கேட்டு எழுதப்படுவதே இந்த மடல்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையில் தீ என்றாலே செய்திகளில் 'மின்கசிவு காரணமாக' என்று வந்துவிடும். மின்கசிவு வேறு, குறுக்குச்சுற்று வேறு. கம்பியின் உறை நைந்து, உடல் வழியாகவோ இயந்திரத்தின் கூடு வழியாகவோ சில மில்லி ஆம்பியரோ சில ஆம்பியரோ நிலத்துக்கு இறங்குவது கசிவு. அதைப் பிடிக்க ஈஎல்சிபி, ஆர்சிசிபி இருக்கின்றன. குறுக்குச்சுற்றில் இரண்டு பேஸ்களோ மூன்று பேஸ்களோ நேராகத் தொட்டுக்கொள்கின்றன. பேனலுக்குள் நுழைந்த பல்லி, பஸ்பார் மேல் மறந்து வைத்த ஸ்பேனர், எலி கடித்த கேபிள், மொட்டைமாடி வெயிலில் விரிந்து சுருங்கித் தளர்ந்துபோன லக் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பாய்வது பல்லாயிரம் ஆம்பியர். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான், கசிவுக்குப் பாதுகாப்பு வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் பரவியிருக்கிறது.

அந்தப் பல்லாயிரம் எங்கிருந்து வருகிறது என்பதை ஏரியும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த ஊருக்கு விளக்குவது எளிது. வாய்க்காலில் ஓடும் நீரின் அளவை வயலின் தேவையும் மதகின் திறப்பும் தீர்மானிக்கின்றன. கரை உடைந்துவிட்டால் வயலின் தேவை என்ன என்று தண்ணீர் கேட்பதில்லை. ஏரியில் எவ்வளவு நீர் நிற்கிறது, உடைப்பு எவ்வளவு அகலம் என்பதே கணக்கு. சில்லர் ஓடும்போது எடுக்கும் 500, 600 ஆம்பியர் வயலின் தேவை. குறுக்குச்சுற்றில் பாய்வது மின்மாற்றியின் கொள்ளளவு. ஆகவே தாங்குதிறனைச் சில்லரின் டன்னேஜைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. 40 டன் சில்லரும் 400 டன் சில்லரும் ஒரே மின்மாற்றிக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டையும் ஏறத்தாழ ஒரே வெள்ளம்தான் தாக்கும்.

கணக்கு கடினமானதல்ல. 1000 கேவிஏ மின்மாற்றியின் 433 வோல்ட் பக்கத்தில் முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 1,333 ஆம்பியர். பெயர்ப்பலகையில் இம்பிடன்ஸ் 5 சதவீதம் என்று இருக்கும். வெளிவரும் முனைகளைக் குறுக்கே இணைத்துவிட்டு, உள்வரும் பக்கத்தில் முழு மின்னழுத்தத்தின் 5 சதவீதத்தைக் கொடுத்தாலே முழுச்சுமை மின்னோட்டம் ஓடிவிடும் என்பது அதன் பொருள். நூறு சதவீதம் கொடுத்தால் இருபது மடங்கு: சுமார் 26,700 ஆம்பியர், அதாவது 26.7 கேஏ. இதே முறையில் 4.5 சதவீதம் கொண்ட 500 கேவிஏ மின்மாற்றி 14.8 கேஏ தரும். 6.25 சதவீதம் கொண்ட 2000 கேவிஏ 42.7 கேஏ, 2500 கேவிஏ 53.3 கேஏ. மின்வாரியத்தின் 11 கேவி பக்கத்துக்கும் ஒரு தடை உண்டு என்பதால் உண்மை மதிப்பு இதைவிடச் சற்றுக் குறையும்; அந்தப் பக்கத்தின் பழுதுத்திறன் 250 எம்விஏ என்றால் 26.7 என்பது 24.7 ஆகும். துணைமின்நிலையம் வலுப்படுத்தப்பட்டால் அந்தத் தடை குறைந்து எண் மறுபடி ஏறும். கையில் விவரம் இல்லாதபோது மின்வாரியப் பக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பான பக்கம் சாய்வது. இதற்கு நேர்மாறாக, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள் முதல் சில சுழற்சிகளுக்குத் தம் ஓட்ட மின்னோட்டத்தின் நாலைந்து மடங்கைப் பழுதுக்குள் திருப்பி ஊட்டும். அதையும் கூட்டித்தான் கணக்கிட வேண்டும். விரிவான முறை ஐஎஸ் 13234-இல் இருக்கிறது.

இந்த மின்னோட்டம் இரண்டு வழிகளில் அழிக்கிறது. ஒன்று சூடு. மற்றது தள்ளுவிசை, இதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அருகருகே ஓடும் இரண்டு மின்னோட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் அல்லது இழுக்கும். அந்த விசை மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 25 கேஏ 38 கேஏ ஆனால் விசை 2.3 மடங்கு. அதோடு குறுக்குச்சுற்றின் முதல் அரைச் சுழற்சியில் மின்னோட்டம் சீரான அலையாக இருக்காது, ஒரு பக்கமாக எம்பும். 20 முதல் 50 கேஏ வரையிலான பழுதுகளுக்கு அந்த முதல் உச்சத்தை 2.1 மடங்கு என்று தரநிலை வைத்திருக்கிறது. 38 கேஏ பழுதின் உச்சம் கிட்டத்தட்ட 80 கேஏ. 80 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் பஸ்பார்களுக்கு இடையே அந்தக் கணத்தில் மீட்டருக்கு ஒரு டன்னுக்கும் மேலான விசை பிறக்கும். தாங்கும் இன்சுலேட்டர் இந்த அடியில் நொறுங்கினால் பஸ்பார் வில்லாக வளைந்து அடுத்த பேஸைத் தொடும், பேனலுக்குள் இரண்டாவது பழுது தொடங்கும். செம்பு ஆவியாகி வெளிவரும் வில்பொறியின் வெப்பத்துக்கு முன்னால் கதவின் தகடு ஒரு தடையே அல்ல. அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கிறவர் பெரும்பாலும் உங்கள் ஆபரேட்டராகவோ வயர்மேனாகவோ இருப்பார். தாங்குதிறன் காகிதக் கணக்கு அல்ல என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது அவருக்காகத்தான்.

தாங்குதிறனைத் தரநிலைகள் எப்படி வரையறுக்கின்றன என்பதை இனிப் பார்க்கலாம். இந்தியாவில் பேனல்களுக்கு இன்று ஐஎஸ்/ஐஇசி 61439; முன்பு ஐஎஸ் 8623. இதில் பேனல் செய்கிறவர் இரண்டு விதங்களில் எண் தரலாம். பாதுகாப்புக் கருவியின் உதவியின்றி, குறிப்பிட்ட நேரத்துக்கு, பெரும்பாலும் ஒரு நொடிக்கு, பேனல் தானே தாங்குவது ஒருவிதம். குறிப்பிட்ட ஒரு பியூஸோ பிரேக்கரோ முன்னால் இருந்தால் மட்டும் தாங்குவது இன்னொரு விதம்; இது நிபந்தனைக்கு உட்பட்ட தாங்குதிறன். சில்லர்களோடு வரும் பேனல்கள் பலவும் இரண்டாம் விதத்தைச் சேர்ந்தவை. அவற்றின் எண்ணை நிபந்தனையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 'முன்னால் இந்த அளவு ஹெச்ஆர்சி பியூஸ் இருந்தால் 50 கேஏ' என்று எழுதியிருக்க, நீங்கள் அங்கே ஏசிபி வைத்து, அதற்கு 0.3 நொடி தாமதமும் கொடுத்துவிட்டால் அந்த 50 என்ற எண்ணுக்கு மதிப்பே இல்லை. பியூஸ் அரைச் சுழற்சி முடிவதற்குள், 10 மில்லி நொடிக்கும் குறைவான நேரத்தில், மின்னோட்டம் தன் உச்சத்தைத் தொடும் முன்பே அறுத்துவிடும். தாமதம் வைத்த ஏசிபி பதினைந்து முழுச் சுழற்சிகளைக் கடந்துபோக விடும்.

அமெரிக்க வழக்கில் இந்த எண் சில்லரின் பெயர்ப்பலகையிலேயே இருக்க வேண்டும். அங்கே தேசிய மின் விதித்தொகுப்பின் 2017 பதிப்பு இன்னொரு படி மேலே போய், நிறுவும் இடத்தில் கிடைக்கக்கூடிய குறுக்குச்சுற்று மின்னோட்டத்தையும், அதைக் கணக்கிட்ட தேதியையும் எழுதி வைக்கச் சொன்னது. அங்கே பேனலின் தாங்குதிறன், அதன் மின்பாதையில் உள்ள மிகப் பலவீனமான உறுப்பின் தாங்குதிறன்தான். தனியாகச் சோதித்து எண் பெறாத 50 குதிரைத்திறன் வரையிலான மோட்டார் கான்டாக்டருக்கு 5 கேஏ என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது யூஎல் 508ஏ தரநிலையின் கணக்கு. விலைப்பட்டியலில் 5 கேஏ, 10 கேஏ என்று அடிப்படையாகவும், 35, 65 கேஏ என்று கூடுதல் விலைக்கும் சில்லர்கள் வருவது இதனால்தான். இங்கே இறக்குமதியாகும் இயந்திரங்களில் அடிப்படை வகையும் இருக்கலாம். கேட்காதவருக்கு அதுவே வந்து சேரும்.

பலவீனமான உறுப்பு எது என்பதைக் காற்றுவழிக் குளிர்விக்கும் சில்லர் ஒன்றின் பேனலைத் திறந்தால் நேரில் பார்க்கலாம். மேலே 630 ஆம்பியர் பிரேக்கர், கைக்கடங்காத பருமன். அதன் கீழே கம்ப்ரஸர்களுக்கான கனத்த கான்டாக்டர்கள். ஓரத்தில் வரிசையாக, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பத்துப் பன்னிரண்டு சிறு கான்டாக்டர்கள். கண்டென்சர் விசிறிகளுக்கானவை, ஒவ்வொன்றும் 9 ஆம்பியர். எல்லாம் ஒரே பஸ்பாரில் இருந்து பிரிகின்றன. விசிறியின் முனையில் குறுக்குச்சுற்று நேர்ந்தால் அந்தச் சிறு கான்டாக்டரின் வழியாகத்தான் வெள்ளம் போக வேண்டும். ஐஇசி 60947-4-1 தரநிலையில் 16 ஆம்பியர் வரையிலான ஸ்டார்ட்டருக்குக் கட்டாயச் சோதனை வெறும் 1 கேஏ-இல்தான். 63 ஆம்பியர் வரை 3 கேஏ. 315-க்கு மேல் 630 வரையிலும்கூட 18 கேஏ. அதற்கு மேல் தாங்கும் என்று சொல்ல வேண்டுமானால், குறிப்பிட்ட பியூஸ் அல்லது பிரேக்கரோடு ஜோடியாக வைத்து உயர் மின்னோட்டத்தில் தனியாகச் சோதித்திருக்க வேண்டும். அப்படிச் சோதித்த ஜோடிகளின் பட்டியலை ஸ்விட்ச்கியர் நிறுவனங்கள் பலவும் வெளியிடுகின்றன. 'டைப் 1' ஒருங்கிணைவு என்றால் பழுதுக்குப் பிறகு ஆளுக்கு ஆபத்து இல்லை, ஆனால் கான்டாக்டரை மாற்ற வேண்டிவரும். 'டைப் 2' என்றால் லேசாக ஒட்டிக்கொண்ட முனைகளைப் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். குளிர் நின்றுபோனால் உற்பத்தியே நின்றுவிடும் இடங்களுக்கு டைப் 2 கேட்பதே சரி.

இந்த வட்டாரத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் பதில் ஒன்று உண்டு: 'பிரேக்கர் 50 கேஏ சார், அதனால் பேனலும் 50 கேஏ.' இதைச் சொல்கிறவர்களில் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். ஆனால் இது தவறு. பிரேக்கரின் எண், அது எவ்வளவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் என்பதை மட்டும் சொல்கிறது. துண்டிப்பதற்குள் அது கடந்துபோக விடும் மின்னோட்டத்தைக் கீழே உள்ள கான்டாக்டர், டெர்மினல், கேபிள் எல்லாம் தாங்க வேண்டும். அந்தச் சில மில்லி நொடிகளில் கான்டாக்டரின் முனைகள் தள்ளுவிசையால் தாமாகவே விலகி, இடையே வில்பொறி எழுந்து, உருகி ஒட்டிக்கொள்ளும் அல்லது சிதறும். பிரேக்கர் தன் வேலையைச் சரியாகச் செய்து முடித்திருக்க, பேனல் எரிந்துபோயிருக்கும்.

பிரேக்கரின் முகப்பில் உள்ள எண்ணிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒரே பிரேக்கருக்கு 240 வோல்ட்டில் ஒரு கேஏ, 415 வோல்ட்டில் அதைவிடக் குறைந்த கேஏ. பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. அடுத்தது ஐசியூ, ஐசிஎஸ் என்ற இரண்டு மதிப்புகள். ஐசியூ அளவுக்குத் துண்டித்த பிரேக்கர் அதன்பின் தொடர்ந்து வேலை செய்யும் என்பதற்கு உறுதி இல்லை. ஐசிஎஸ் அளவு வரை துண்டித்தால் மறுபடி பயன்படுத்தலாம். விலை குறைந்த வகைகளில் ஐசிஎஸ் என்பது ஐசியூ-வின் பாதியாகவும் இருக்கும்.

உண்மை நிலைமை எப்படி மாறும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தொழிற்பேட்டையில் ஒரு கட்டடம். 1000 கேவிஏ மின்மாற்றி, 5 சதவீதம், மின்வாரியப் பக்கம் 250 எம்விஏ. பிரதான பேனலில் 24.7 கேஏ. மொட்டைமாடியில் 300 டன் ஸ்க்ரூ சில்லர், ஓட்ட மின்னோட்டம் சுமார் 570 ஆம்பியர். பேனலிலிருந்து சில்லர் வரை 300 சதுர மில்லிமீட்டர் அலுமினிய கேபிள் இரண்டு வரிசை, 60 மீட்டர். கேபிளின் தடையைச் சேர்த்தால் சில்லரின் முனையில் சுமார் 19 கேஏ. சில்லர் பேனலில் 25 கேஏ பிரேக்கர் வைத்தது சரியான தேர்வு. வைத்தவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஆறேழு ஆண்டுகளில் புதிய லைன் வருகிறது, சுமை ஏறுகிறது, மின்மாற்றி 2000 கேவிஏ ஆகிறது. பிரதான பேனலும் புதிதாகிறது. மாடியில் எவரும் எதையும் தொடவில்லை. சில்லர் அதே சில்லர், கேபிள் அதே கேபிள். இப்போது பிரதான பேனலில் சுமார் 38 கேஏ. சில்லரின் முனையில் சுமார் 26 கேஏ, ஓடும் மோட்டார்களின் பங்கு தனி. 25 கேஏ பிரேக்கர் தன் வரம்பைத் தாண்டிய இடத்தில் நிற்கிறது. பெரிய மின்மாற்றிக்குப் பதிலாக இரண்டாவது 1000 கேவிஏ வாங்கி, பஸ் கப்ளரை மூடி இரண்டையும் இணையாக ஓட்டினால் பிரதான பேனலில் 46 கேஏ, மாடியில் 29 கேஏ. பராமரிப்பின்போது அரை மணி நேரம்தான் கப்ளர் மூடியிருக்கும் என்பது பதிலாகாது. ஆட்கள் பேனல் அருகே நின்று சுவிட்ச் போடுவதும் எடுப்பதும் அந்த அரை மணியில்தான்.

இது கற்பனைக் கவலை அல்ல என்பதற்கு அம்பத்தூரின் மாற்றமே சான்று. 1960-களில் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டை லேத்துக்கும் அச்சுக்கும் வார்ப்புக்கும் கட்டப்பட்டது. பழைய பட்டறை நிலங்களில் இன்று மென்பொருள் அலுவலகங்கள் எழுந்திருக்கின்றன. 2023-இல் என்டிடி, 2024 ஜனவரியில் டிஜிட்டல் கனெக்சன் என்று தரவு மையங்கள் அம்பத்தூரில் திறக்கப்பட்டன. தரவு மையம் என்பது பாதிக் கணினி, பாதிக் குளிர்சாதனம். அந்த அளவு வளாகங்களுக்கு வடிவமைப்புக் குழுவும் பழுதுக் கணக்கும் முதல் நாளிலிருந்தே இருக்கும். கவலை அவற்றைப் பற்றியதல்ல. இரண்டு தெரு தள்ளி, பழைய கொட்டகையை மருந்துக் கிடங்காகவோ உணவுப் பதப்படுத்தும் கூடமாகவோ ஊசிவார்ப்புப் பிரிவாகவோ மாற்றி, எங்கோ கழற்றிய சில்லரைப் பாதி விலைக்கு வாங்கி மாட்டுகிற சிறு நிறுவனங்களைப் பற்றியது. கழற்றிய இடத்தில் 500 கேவிஏ இருந்திருக்கலாம். மாட்டும் இடத்தில் 2000 இருக்கலாம். பெயர்ப்பலகையில் வோல்ட் ஒத்துப்போகிறது, ஹெர்ட்ஸ் ஒத்துப்போகிறது, டன் ஒத்துப்போகிறது. கேஏ ஒத்துப்போகிறதா என்று கேட்க எவரும் இல்லை.

கேட்க வேண்டிய இடங்கள் ஒவ்வொன்றிலும் கேள்வி எப்படி நழுவுகிறது என்பதை நீங்களே அறிவீர்கள். குளிர்சாதன ஆலோசகர் மின்சாரம் தன் பொறுப்பல்ல என்கிறார். மின் ஆலோசகரின் வரைபடம் சில்லரின் ஐசொலேட்டரோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் சில்லர் தயாரிப்பாளரின் எல்லை. தயாரிப்பாளரோ வாடிக்கையாளர் குறிப்பிடவில்லை, அதனால் அடிப்படை வகையை அனுப்பினோம் என்கிறார். இதில் எவரும் பொய் சொல்லவில்லை. எல்லைகள் சந்திக்கும் கோட்டில் ஓர் எண் விழுந்து கிடக்கிறது, அதை எடுக்க ஆள் இல்லை. ஒப்பந்ததாரரின் குறை இன்னும் நியாயமானது. கேஏ உயர்த்திச் சொன்னால் விலை ஏறும், டெண்டர் கைநழுவும். சொல்லாதவருக்கு வேலை கிடைக்கும். உரிமையாளர்களே, நேர்மையாகக் கணக்கிட்டு வரும் ஒப்பந்ததாரரைத் தண்டிக்கும் இந்த வழக்கம் உங்கள் விசாரணைக் கடிதத்தில்தான் தொடங்குகிறது. எல்லோரும் ஒரே கேஏ-க்கு விலை தர வேண்டும் என்று நீங்கள் எழுதிவிட்டால் அந்த அநியாயம் அன்றோடு நின்றுவிடும்.

சட்டம் இதை ஏற்கெனவே கேட்கிறது. மின்கருவிகள் திறனுக்கும் காப்புக்கும் மட்டுமல்லாமல், மதிப்பிடப்பட்ட பழுது மின்னோட்டத்துக்கும் போதுமானவையாக இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளில் உள்ளது. 2010-இல் வந்த அந்த விதிமுறைகளின் இடத்தில் இப்போது 2023-ஆம் ஆண்டு விதிமுறைகள் நடைமுறையில் இருக்கின்றன. 'மதிப்பிடப்பட்ட' என்று சொல்லும்போதே யாரோ ஒருவர் உட்கார்ந்து மதிப்பிட்டிருக்க வேண்டும் என்றாகிறது.

எண் போதவில்லை என்று தெரிந்தால் வழிகள் இருக்கின்றன. ஆர்டர் போகும் முன்பு தெரிந்தால் செலவு சொற்பம். உயர்ந்த தாங்குதிறன் உள்ள பேனலைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்புவார்கள். இயந்திரம் மாடியில் ஏறிய பிறகு தெரிந்தால் செலவோடு உத்தரவாதச் சிக்கலும் சேரும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது ஹெச்ஆர்சி பியூஸ். நம் கடைகளில் எளிதில் கிடைக்கும், 80 கேஏ வரை துண்டிக்கும், கடந்துபோகும் மின்னோட்டத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும். பியூஸ் பழங்காலத்துச் சரக்கு என்ற இளக்காரம் பல பொறியாளர்களிடம் இருக்கிறது. இந்த வேலைக்கு அதற்கு இணையான மலிவான கருவி வேறில்லை. ஆனால் எந்தப் பியூஸை முன்னால் வைத்தால் சில்லர் பேனல் எவ்வளவு தாங்கும் என்பதைத் தயாரிப்பாளர் எழுத்தில் தர வேண்டும். பியூஸின் வளைகோட்டைப் பார்த்து, 'இது 40-ஐ 12 ஆக்கிவிடும், கீழே உள்ள 15 கேஏ பிரேக்கர் தப்பிக்கும்' என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. கீழே உள்ள பிரேக்கரும் அதே கணத்தில் திறக்கத் தொடங்கி, அதன் வில்பொறி மின்னோட்டத்தின் வடிவத்தையே மாற்றிவிடும். சோதித்த ஜோடி மட்டுமே செல்லும்.

சில்லருக்கு முன் 3 சதவீத ரியாக்டர் வைப்பது இன்னொரு வழி. மேலே சொன்ன 300 டன் எடுத்துக்காட்டில் அது 26 கேஏ-வைப் பாதிக்கும் கீழே, 12-க்குள் கொண்டுவரும். விஎஃப்டி உள்ள சில்லருக்கு ஹார்மோனிக்ஸைக் குறைப்பதும் கூடவே கிடைக்கும். ஸ்டார்-டெல்டாவில் கிளம்பும் இயந்திரத்துக்கு மின்னழுத்தச் சரிவைக் கணக்கிட்டுத்தான் வைக்க வேண்டும். ரியாக்டருக்கு முன்னால் நேரும் பழுதுக்கு அதனால் பயனில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். இரண்டு மின்மாற்றிகள் உள்ள இடத்தில், இரண்டு இன்கமரும் கப்ளரும் ஒரே நேரத்தில் மூட முடியாதபடி இன்டர்லாக் போடுவது எல்லாவற்றிலும் மலிவு. பூட்டு மூன்று, சாவி இரண்டு என்ற பழைய ஏற்பாடே போதும்.

ஜெனரேட்டரில் ஓடும்போது நிலைமை தலைகீழ். 500 கேவிஏ ஜெனரேட்டர் குறுக்குச்சுற்றில் முதலில் தருவது 6 கேஏ-வுக்குச் சற்றுக் குறைவாக. அதுவும் வேகமாகத் தேயும். 630 ஆம்பியர் பிரேக்கரின் உடனடித் துண்டிப்பைப் பத்து மடங்கில் வைத்திருந்தால் அது 6.3 கேஏ. ஜெனரேட்டரின் பழுது அந்தப் படியை எட்டாமலே போய்விடும். பிரேக்கர் உடனே விழாமல் கேபிள் வேகும். பெரிய எண்ணைத் தாங்குகிறதா என்று பார்த்த கையோடு சிறிய எண்ணுக்கு விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பராமரிப்பில் உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீர் புகுந்த பேனலை அவசரமாக உயிர்ப்பிக்கும்போது கையில் கிடைத்ததை மாட்டுவது மனித இயல்பு. 250 ஆம்பியருக்கு 250 ஆம்பியர், அளவு பொருந்துகிறது, துளை பொருந்துகிறது. பழையது 50 கேஏ, புதியது 25 கேஏ என்பது வெளியில் தெரியாது. இயந்திரமும் நன்றாகவே ஓடும், பழுது வரும் நாள் வரை. சோதித்த ஜோடியில் கான்டாக்டரின் பிராண்டை மாற்றினாலும் ஜோடி உடைகிறது. ஸ்டோரில் உதிரி வாங்கும் சீட்டில் ஆம்பியருக்குப் பக்கத்தில் கேஏ-க்கு ஒரு கட்டம் போட்டுவையுங்கள்.

ஆகவே உங்களிடம் வைக்கப்படும் கோரிக்கை இதுதான். வாங்குகிறவர்களே, அடுத்த சில்லருக்கான விசாரணைக் கடிதத்தில் இந்த வரிகளைச் சேருங்கள்: 'இயந்திரத்தின் உள்வரும் முனையில் கிடைக்கக்கூடிய குறுக்குச்சுற்று மின்னோட்டம் 415 வோல்ட்டில் இவ்வளவு கேஏ. பேனலின் தாங்குதிறன் இதற்குக் குறையக் கூடாது. அந்தத் தாங்குதிறன் எந்த முன்பாதுகாப்புக் கருவியைச் சார்ந்தது என்பதை வகை, அளவோடு எழுத்தில் தரவும்.' இவ்வளவு என்ற இடத்தில் எண்ணை நிரப்ப மின் ஆலோசகருக்கோ உரிமம் பெற்ற ஒப்பந்ததாரருக்கோ அரை நாள் போதும். ஆலோசகர்களே, உங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு பேனலுக்கும் பக்கத்தில் கேஏ எழுதுங்கள். ஐசொலேட்டரோடு நிறுத்தாமல் சில்லரின் முனை வரை கொண்டுபோங்கள். ஒப்பந்ததாரர்களே, அந்த எழுத்து கைக்கு வராமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். விற்கிறவர்களே, அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சில்லர்களுக்கு அடுத்த கோடைக்கு முந்தைய சர்வீஸே நல்ல வாய்ப்பு. கண்டென்சரைக் கழுவும் அன்று பேனலையும் திறந்து, பிரேக்கர், கான்டாக்டர், டெர்மினல் ஒவ்வொன்றின் கேஏ-வையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கதவின் உட்பக்கத்தில் மழைக்கும் வெயிலுக்கும் அழியாத பட்டை ஒன்றை ஒட்டுங்கள். அதில் பாயக்கூடிய மின்னோட்டம் எவ்வளவு, தாங்குதிறன் எவ்வளவு, எந்த மின்மாற்றியை வைத்துக் கணக்கிட்டது, எந்தத் தேதியில் என்பது இருக்கட்டும். மின்மாற்றி மாறினாலோ, கேபிள் மாறினாலோ, கப்ளர் போட்டாலோ, சில்லர் இடம் மாறினாலோ அந்தப் பட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாகக் கணக்கிட்டு ஒட்டுங்கள்.